ஒலியில் கூட்டல், வடிவில் கழித்தல்: மழலையர்க்கான தமிழ் எழுத்தறிமுகமும் தாள்வேலையும்

முன்பள்ளிப் பருவக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே எழுத்தறிமுகம் செய்யத் தாள்வேலைகளைக் கையாளும் வழக்கம் இன்று பரவலாகியுள்ளது. எழுத்தின் உருவை வண்ணத்தாளில் வெட்டி, அட்டையில் ஒட்டி, அருகே அவ்வெழுத்தில் தொடங்கும் ஒரு பொருளின் படத்தை வைப்பது இதன் பொதுவான முறை. இரணியலிலும் அதைச் சூழ்ந்த கல்குளம் வட்டத்து ஊர்களிலும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டுச் சுவர்களில் இத்தகைய அட்டைகளைக் காணலாம். பெற்றோரின் இம்முயற்சி மதிக்கத்தக்கது. ஆயினும் இம்முறை ஆங்கில நெடுங்கணக்கை அடிப்படையாகக் கொண்டு உருவானது. ஒன்றோடொன்று வடிவத் தொடர்பு குறைந்த 26 எழுத்துகளுக்கு ஏற்ற ஒரு வழி, உறுப்புகள் கூடி உருவாகும் 247 எழுத்துகளுக்கு அப்படியே ஏற்றதாகாது. இதனால் தாளைக் கைவிட வேண்டும் என்பதன்று என் கருத்து. தமிழ் எழுத்தின் அமைப்பைச் சிறு குழந்தைக்குக் காட்டத் தாளினும் எளிய கருவி வீட்டில் இல்லை. வெட்டி ஒட்டுவதைக் குறைத்து மடிப்பதையும் நகர்த்துவதையும் முதன்மையாக்க வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுகிறது.

ஆய்விதழில் பேசத்தக்க பொருள்தானா இது என்ற ஐயம் சிலருக்கு எழலாம். குமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை அவ்வையத்திற்கு இடமில்லை. தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார்; குழந்தைகளுக்குப் பாடல்கள் எழுதினார்; அதே கையால் கல்வெட்டுகளை ஆராய்ந்து காந்தளூர்ச்சாலை பற்றியும் எழுதினார். கல்லில் உள்ள எழுத்தும் குழந்தையின் கைக்கு வரும் எழுத்தும் அவருக்கு வேறுவேறு துறைகளாகத் தோன்றவில்லை. இன்று தமிழ்த்துறைகளில் எழுத்திலக்கண ஆய்வேடுகள் ஆண்டுதோறும் வருகின்றன. அரிச்சுவடியோ கல்வியியல் துறைக்கு உரியதென ஒதுக்கப்படுகிறது. கல்வியியல் துறையினர் பிறமொழிகளில் உருவான கோட்பாடுகளைக் கொண்டு அதை அணுகுகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையில்தான் இரணியல் வீட்டுச் சுவரில் தொங்கும் அட்டை இருக்கிறது.

சொல்லின் முதலில் வாராத எழுத்துகள்

ஓர் எழுத்துக்கு அதில் தொடங்கும் ஒரு சொல் என்னும் முறை தமிழில் எங்கே தடுமாறுகிறது என்பதை முதலில் நோக்கலாம். உயிரெழுத்துகளுக்கு அது ஓரளவு பொருந்தும். அணில், ஆடு, இலை, ஈ எனத் தொடங்கி ஓணான் வரை இடர்ப்பாடில்லை. ஔகாரத்துக்கு வந்ததும் ஔவையாரைத் தவிர வேறு துணையில்லாமல் போகிறது. மெய்யெழுத்துகளில் முறையே முறிந்துவிடுகிறது. தனிமெய் சொல்லின் முதலில் வாராது. உயிரோடு கூடியும் 18 மெய்களுள் ஒன்பது மட்டுமே தமிழ்ச் சொல்லுக்கு முதலாகும். க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ ஆகியவை அவை. அவற்றிலும் யகரம், ஞகரம் போன்றவற்றுக்குத் தொல்காப்பிய மொழிமரபு வகுக்கும் வரையறை மிகக் குறுகியது. எஞ்சிய ங, ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் ஒன்பதுக்கும் முதற்சொல் தேடுவோர் டப்பா, ரம்பம், லட்டு எனப் பிறமொழிச் சொற்களையே நாட வேண்டியுள்ளது. ணகரத்துக்கும் ழகரத்துக்கும் அதுவும் கிட்டாது.

நம் பழைய அரிச்சுவடிகளும் பாடநூல்களும் இதற்கு வேறு வழி கண்டிருந்தன. மெய்யைச் சொல்லின் இடையிலோ ஈற்றிலோ வைத்துக் காட்டின. கண், பல், தேர், தேள், மீன், நாய், மரம் ஆகியவற்றில் மெய் ஈற்றில் நிற்கிறது. நுங்கு, இஞ்சி, தட்டு, வாத்து ஆகியவற்றில் இடையில் நிற்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. சொல்லின் முதல் ஒலியைக் கேட்பது குழந்தைக்கு எளிது. ஈற்றொலியைத் தனியே பிரித்துக் கேட்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும். படத்தையும் எழுத்தையும் அருகருகே ஒட்டிய அட்டை அப்பயிற்சியைத் தருவதில்லை. மீனின் படத்தைப் பார்க்கும் குழந்தை ‘மீ’ என்பதையே முதலில் கேட்கிறது. அட்டையிலோ ‘ன்’ இருக்கிறது. படத்துக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு அதற்கு விளங்காப் புதிராகவே நின்றுவிடுகிறது.

இங்கே ஒரு மடிப்புப் போதும். நீளமான தாள்பட்டை ஒன்றில் ‘மீ’, ‘ன்’ என இரு கட்டங்களாக எழுதி, பின்புறம் மீனை வரைந்து, நடுவில் மடித்துக்கொள்ளலாம். விரித்தால் முழுச்சொல், முதற்கட்டத்தை மறைத்தால் ஈற்றுமெய் மட்டும். தாய் சொல்லை நீட்டி ஒலிக்க, குழந்தை முதற்கட்டத்தை மறைக்கும்போது வாயில் எஞ்சுவது எதுவோ அதுவே கண்ணிலும் எஞ்சுகிறது. ‘நுங்கு’ மூன்று கட்டம். இருபுறமும் மடித்தால் நடுவே ‘ங்’ தனித்து நிற்கும். பனை நிறைந்த இம்மாவட்டத்துக் குழந்தைக்கு நுங்கு புத்தகத்துப் பொருளன்று. யாழைக் காணாத குழந்தைக்கு ‘ழ்’ கற்பிக்க யாழை வரைவதினும் கூழை வரைவது நன்று.

வட்டாரப் பேச்சும் இதற்குத் துணை நிற்கிறது. குமரி மாவட்டத்தில் பலர் பேச்சில் ழகர ளகர வேறுபாடு இன்றும் கேட்கிறது. காற்று, முற்றம் போன்ற சொற்களில் வரும் இரட்டை றகரம், மலையாளத்திலும் யாழ்ப்பாணத் தமிழிலும் போல, நுனிநா அண்ணத்தை ஒற்றிப் பிறக்கும் வெடிப்பொலியாக ஒலிப்பதையும் கேட்கலாம். பிற வட்டாரங்களில் இவ்வேறுபாடுகள் எழுத்தில் மட்டுமே எஞ்சியிருக்க, இங்குள்ள குழந்தை அவற்றைப் பாட்டியின் வாயிலிருந்தே கேட்கிறது. ஆதலின் ‘தேள்’ என்னும் பட்டையும் ‘கூழ்’ என்னும் பட்டையும் இவ்வூரில் வீட்டுப் பேச்சை நம்பியே செய்யப்படலாம். (நாஞ்சில் நாடு என்னும் பெயரைத் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களுக்கே உரியதாகக் கொள்வோர் உண்டு, அக்கணக்கில் இரணியல் அதன் மேற்கு எல்லைக்கு அப்பாற்பட்டது. மேற்சொன்ன ஒலிக்கூறுகளுக்கு அவ்வெல்லை ஒரு பொருட்டன்று.)

புள்ளி என்னும் இடர்

தமிழ் எழுத்தில் குழந்தை எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கல் எழுத்துகளின் எண்ணிக்கை அன்று, புள்ளியே. ‘க்’ உடன் ‘அ’ சேர்ந்தால் ‘க’ என்று வீட்டிலும் பள்ளியிலும் ஓதுகிறோம். ஒலியளவில் இது கூட்டல். வடிவத்திலோ எதுவும் கூடவில்லை; இருந்த புள்ளி போய்விடுகிறது. கூட்டினால் குறைகிறது என்னும் இம்முரண் கற்றவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, பழகிவிட்டதால். மூன்று வயதுக் குழந்தைக்கு அது பெரும் முரண். மெய் புள்ளியோடு நிற்பதே அதன் இயல்பு என்றும், அகரத்தோடு கூடுங்கால் அப்புள்ளி நீங்கி வடிவம் திரியாது நிற்கும் என்றும், ஏனை உயிரோடு கூடுங்கால் வடிவம் திரியும் என்றும் நூன்மரபு வகுத்துக் கூறுகிறது. இது மிகத் தெளிவான கற்பித்தல் விளக்கம். நாம் அதை உரைவேறுபாட்டுக்கு மட்டும் பயன்படுத்திவந்துள்ளோம்.

சுவடி பதிப்பித்தோர் இவ்விடரை நன்கறிவர். ஓலையில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. குற்றெழுத்தாகிய எகர ஒகரங்களுக்கும் நெட்டெழுத்தாகிய ஏகார ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டப்படுவதில்லை. பின்னர் அதை ஒழுங்குபடுத்தியவராக வீரமாமுனிவர் அறியப்படுகிறார். ரகரமும் துணைக்காலும் ஓலையில் ஒன்றுபோலவே தோன்றும். சொல்லறிவும் பொருளறிவும் கொண்டே பதிப்பாசிரியர் மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்தறிந்தனர். சொல்லறிவு இன்னும் வளராத குழந்தையிடம் புள்ளியை ஒரு சிறு அழகுக்குறிபோல் அறிமுகம் செய்வது, பதிப்பாசிரியர் பட்ட பாட்டை அக்குழந்தையும் படட்டும் என விடுவதற்கு ஒப்பாகும்.

இதற்குரிய தாள்வேலை மிக எளியது. அட்டையில் ‘க’ எழுதி, அதன் தலைக்கு மேல் விரலகலம் தாளை நீட்டி விட்டு, அந்நீட்சியில் பெரிய புள்ளி ஒன்று இடவேண்டும். நீட்சி நிமிர்ந்திருந்தால் ‘க்’. அதைப் பின்னால் மடித்தால் ‘க’. மடிக்கும்போது வாய் திறந்து அகரம் ஒலிக்க வேண்டும். நிமிர்த்தும்போது வாயை அடைக்க வேண்டும். புள்ளி இருக்கும் வரை ஒலி அடைபட்டு நிற்கிறது, அது நீங்கினால் உயிர் வருகிறது எனக் குழந்தை கையாலேயே அறிகிறது. வெட்டி ஒட்டிய அட்டையில் ‘க்’ ஒரு பொருள், ‘க’ இன்னொரு பொருள். மடிப்பில் இரண்டும் ஒரே பொருளின் இருநிலைகள். பதினெட்டு மெய்க்கும் பதினெட்டு அட்டைகள் செய்துவிட்டால் முப்பத்தாறு எழுத்துகள் கைக்கு வந்துவிடும்.

அடுத்தது உயிர்மெய்க் குறிகள். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, ஔகாரத்தின் இறுதியுறுப்பு என ஐந்து துண்டுகளைத் தனித்தாளில் செய்துகொண்டால் ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ என்னும் ஏழு உயிர்களின் வரிசைகளும் கூடிவரும். ஒகர ஓகாரங்களுக்குக் கொம்பும் காலும் சேர்ந்தே வருவதால் புதுத்துண்டு தேவையில்லை. ஏழு வரிசையும் 126 எழுத்துகள். முன் சொன்ன முப்பத்தாறையும் சேர்த்தால், பதினெட்டு அட்டைகளும் ஐந்து துண்டுகளும் கொண்டு 162 எழுத்துகளை அமைக்கலாம். 247 என்னும் எண்ணைக் கண்டு அஞ்சி, தமிழ் கடினம், ஆங்கிலத்தில் 26தான் எனக் கூறும் பெற்றோர்க்கு இக்கணக்கைக் காட்டினால் போதுமானது.

இவ்வசதி அண்மைக் காலத்தது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பெரியார் 1935 முதல் குடியரசு இதழில் கையாண்டு, 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணகர, லகர, ளகர, னகர ஐகாரங்களும், ணகர, றகர, னகரங்களின் ஆகார, ஒகர, ஓகாரங்களும் தனிவடிவங்களாக இருந்தன. ஆக 13 எழுத்துகள். அவ்வடிவங்கள் நீடித்திருப்பின் துண்டுகளை நகர்த்திக் கூட்டும் முறை அப்பதின்மூன்றிலும் தடைப்பட்டிருக்கும். அச்சுக்கோப்பின் எளிமை கருதிப் பேசப்பட்ட ஒரு சீர்திருத்தம் மழலையின் கைக்கும் எளிமை தந்திருக்கிறது. பழைய வடிவில் எழுதப் பழகிய முதியோர் உள்ள வீடுகளில் ‘லை’ இருவகையாக எழுதப்படுவதைக் குழந்தை கண்டு வியக்கலாம். அதை மறைக்க வேண்டியதில்லை. தாத்தாவின் எழுத்து என்று சொன்னால் குழந்தை ஏற்றுக்கொள்ளும்.

கொம்பு இடப்பக்கம் நிற்பது வேறொரு சிக்கல். ‘கெ’ என்பதில் எகரம் பின்னர் ஒலிக்க, அதன் குறி முன்னர் நிற்கிறது. (கணினியின் ஒருங்குறியில் ககரமே முதலில் சேமிக்கப்பட்டுக் கொம்பு பின்னால் வருகிறது, பொறி ஒலிவரிசையைப் பின்பற்ற, கண் வடிவ வரிசையைப் பின்பற்றுகிறது.) அச்சிட்ட அட்டையில் இவ்வேறுபாட்டைக் காட்ட இயலாது. துண்டுகளாக இருந்தால், முதலில் ககர அட்டையை வைத்து, பின்னர் கொம்பைக் கொண்டுவந்து அதன் முன்னால் நிறுத்தச் சொல்லலாம். ‘கொ’ என்பதற்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வைக்க வேண்டும். கால், கொம்பு, விலங்கு, சுழி என நம் முன்னோர் இவ்வுறுப்புகளுக்கு இட்ட பெயர்களே விளையாட்டுப் பெயர்கள். மாட்டுக்குக் கொம்பு வைப்பதுபோல் குழந்தை ககரத்துக்குக் கொம்பு வைக்கும். இக்கலைச்சொற்கள் இருக்க, ஆங்கிலவழி முன்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்கு அவை பெயரளவிலும் எட்டாதிருப்பது வருந்தத்தக்கது.

இகர ஈகார வரிசைகள் எழுத்தோடு ஒட்டி நிற்பவை. அவற்றுக்கு விலங்கைத் தாளில் வெட்டி மேலே பொருத்துவதைவிட எழுதிக் காட்டுவதே நலம். உகர வரிசை துண்டுக்கு அடங்காது. ஆயினும் அதிலும் குழப்பம் இல்லை, மூன்று குடும்பங்களே உள்ளன. சு, பு, யு, வு, ஙு கீழ்நோக்கிய கோடு பெறுவன. கு, டு, மு, ரு, ழு, ளு வளைந்து சுழல்வன. ஞு, ணு, து, நு, லு, று, னு காலை நீட்டுவன. பதினெட்டுத் தாள்களைக் கலைத்துப் போட்டு ஒரே சாயலுள்ளவற்றை மூன்று கிண்ணத்தில் பிரிக்கச் சொல்லலாம். ஊகார வரிசையில் கூ, சூ முதலியன தனிப்போக்கு உடையவை. அவற்றைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஓலை மடித்த கை

வெட்டிய எழுத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. அதற்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. கத்தரிக்கோல் எழுத்தின் புறவிளிம்பைச் சுற்றி வருகிறது. எழுதுகோலோ அதன் உட்போக்கில் செல்ல வேண்டும். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிய பிள்ளை எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்பதை விரலில் பெற்றது. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சியளித்த மரியா மாண்டிசோரியின் மணல்தாள் எழுத்துகளும் விரல் செல்லும் போக்கையே நோக்கமாகக் கொண்டவை. வண்ணத்தாளில் வெட்டிய எழுத்து அப்போக்கை மறைத்து, எழுத்தைப் படமாக்கிவிடுகிறது.

தாள்பட்டையை மடிப்பது அப்போக்கை மீட்கிறது. விரலகலப் பட்டையை ஒருமுறை மடித்தால் டகரம். இருமுறை மடித்தால் பகரம். பட்டையின் ஒரு நுனியில் தொடங்கிக் கை மறுநுனி வரை செல்கிறது. எளிய வடிவங்களான ட, ப, ம முதலியவற்றிலிருந்து தொடங்கும் வரிசை, அகரத்தில் தொடங்கும் நெடுங்கணக்கு வரிசையைவிடக் கைக்கு ஏற்றது என்பது முதியோர் எழுத்தறிவுப் பணியில் ஈடுபட்டோர் நன்கறிந்த செய்தி; மழலைக்கும் அதுவே பொருந்தும். நெடுங்கணக்கு வரிசை நாவுக்கும் நினைவுக்கும் உரியதாக இருக்கட்டும். ஓதுவது ஒரு வரிசையிலும் மடிப்பது மற்றொரு வரிசையிலும் நடப்பதில் முரண் ஏதுமில்லை. சுழியுள்ள எழுத்துகளுக்குச் செய்தித்தாளை ஒல்லியாக முறுக்கி விளக்குத்திரிபோல் ஆக்கிக்கொள்ளலாம். மூன்று சுழி ணகரம், இரண்டு சுழி னகரம் என வாயால் சொல்லும் வேறுபாட்டைத் திரியின் மேல் விரலோட்டி எண்ணிவிடலாம்.

இரணியலில் இக்கைவேலையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை என்பதே என் துணிபு. பனையோலையிலும் தென்னங்குருத்திலும் பட்டை கிழித்து மடிப்பது இம்மாவட்டத்து முதியோரின் கைக்குப் பழகியது. கோயில் விழாவுக்கும் மணவீட்டுக்கும் குருத்தோலைத் தோரணம் கட்டியவர்கள், குருத்தோலை ஞாயிறன்று ஓலையில் சிலுவை மடித்தவர்கள், பிள்ளைகளுக்கு ஓலைக் காற்றாடி செய்து கொடுத்தவர்கள் இன்றும் வீடுகளில் உள்ளனர். ஓலைப்பட்டையும் தாள்பட்டையும் ஒரே மடிப்பைத்தான் ஏற்கின்றன. எழுத்தறியாத பாட்டியும் ‘ட’ மடிக்க வல்லவர். அந்த மடிப்பு ஓர் எழுத்து என்பதைப் பேரப்பிள்ளை அவருக்குச் சொல்லும் நிலையும் வரலாம். இணையத்தில் காணும் தாள்வேலைகளுக்கு வேண்டிய மினுக்குத்தாளும் பசையும் வாங்கக் கடைக்கு ஓடும் தாய்மார்க்கு இதைச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. கிழித்தெடுத்த நாட்காட்டித் தாளும், வீட்டில் சேரும் திருமண அழைப்பிதழ் அட்டையும் போதும். ஒருபுறம் மட்டும் வண்ணமுள்ள தாள் மிக நல்லது. எழுத்தைத் திருப்பி வைத்தால் வெள்ளைப்புறம் தெரிந்து குழந்தையே திருத்திக்கொள்ளும். நான்கு வயதுக்கு உட்பட்டோரிடம் கத்தரிக்கோல் வேண்டா. தாளைக் கிழிப்பதே விரலுக்கு நல்ல பயிற்சி.

வேணாட்டரசரின் அரண்மனை இருந்த ஊர் இது. பழைய திருவிதாங்கூரில் தனித் தாலுகாவாகவும் இருந்தது. பாண்டிநாட்டில் தமிழெழுத்துக்கு இடம் விட்ட வட்டெழுத்து இப்பகுதியில் பல நூற்றாண்டுகள் நீடித்தது. பின்னர் மலையாள எழுத்தும் ஆங்கில எழுத்தும் இங்கு ஆட்சியெழுத்துகளாயின. தமிழ்வழியில் பயிலும் உரிமையும் உட்பட்ட நீண்ட போராட்டத்தின் பின், 1956 நவம்பர் 1இல் இத்தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. அவ்விணைப்புக்காக 1954இல் உயிர் துறந்தோரும் உண்டு. அத்தகைய மாவட்டத்தில் இன்று பெரும்பாலான மழலைகளின் கை முதலில் அறியும் எழுத்து எதுவாக இருக்கிறது என்பதைத் தமிழ்த்துறைகள் கேட்டறிய வேண்டும். அரசு எண்ணும் எழுத்தும் திட்டத்தை 2022இல் தொடங்கியது. அது ஒன்றாம் வகுப்பில் தொடங்குவது. அதற்கு முந்திய மூன்றாண்டுகள் வீட்டிலும் அங்கன்வாடியிலும் தனியார் முன்பள்ளியிலும் கழிகின்றன. முதுகலை மாணவர் ஒருவர் தம் ஊரில் பத்து வீடுகளின் சுவர் அட்டைகளைத் தொகுத்து, அவை மெய்யெழுத்துக்குக் காட்டும் சொற்களை மொழிமரபோடு ஒப்பிட்டாலே நல்லதோர் ஆய்வேடு கிடைக்கும்.

தீர்வு காண வேண்டிய ஒரு வினா எஞ்சுகிறது. குழந்தை முதலில் எழுத விரும்புவது தன் பெயரை. இம்மாவட்டத்தில் ஜெபா, ஷைனி, ஸ்டெல்லா போன்ற பெயர்கள் இயல்பானவை. அவற்றின் முதலெழுத்துகள் நெடுங்கணக்கில் இல்லை. பெயரை மாற்றி எழுதச் சொல்வது மூன்று வயதுப் பிள்ளையிடம் நடவாது; செய்யவும் கூடாது. கிரந்த எழுத்துகளை மற்ற பதினெட்டோடு கலந்து அடுக்கினால் முப்பது முதலெழுத்து என்னும் அமைப்பு குழந்தையின் மனத்தில் உருவாகாது. ஆதலின் பெயருக்கு வேண்டிய அவ்வோர் எழுத்தை மட்டும் வேறு நிறத்தாளில் செய்து கொடுக்கலாம். துணைக்காலும் கொம்பும் அதற்கும் அவ்வாறே பொருந்தும். ‘ஜெ’ என்பதற்கும் ககரத்துக்கு வைத்த அதே ஒற்றைக்கொம்பைத்தான் குழந்தை முன்னால் கொண்டுவந்து வைக்கும்.